அம்மா கதிரையில் இருந்த பத்து நிமிடம்

அம்மா எழுதிய ஒன்று ஒருமுறை வானொலியில் வாசிக்கப்பட்டது. எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள். அம்மா கேட்கவில்லை. கேட்க விடாமல் செய்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, வேண்டுமென்று செய்யவில்லை, நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் ஆறுவதாக இல்லை.

கீரிமலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தது தொண்ணூறில், சண்டை வந்தபோது. அப்பா வேலை பார்த்த சீமெந்து ஆலையும் அதோடு மூடிப்போயிற்று. இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு ரேடியோ, இவற்றோடு என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த இடம் சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த பெரியப்பாவின் வீடு. பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். பெரியம்மா காலமாகிவிட்டார், பிள்ளைகள் ஜெர்மனியில். அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறித் தனியாக இருந்த மனிதர் வாசல் படலை வரைக்கும் வந்து, "உங்கடை வீடு மாதிரி இருங்கோ" என்று சொல்லி எங்களை உள்ளே கூட்டிப்போனார். நாங்கள் இருந்த காலம் முழுவதும் ஒருநாளாவது முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்தும் உப்புத் தண்ணீரில் அவித்தும் உயிர் கொடுத்துப் பார்த்துக் களைத்த பிறகு சனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழலும். சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து வயரை இழுத்து ரேடியோவில் கொடுத்தால் ரேடியோ கதைக்கும். சுற்றுவது நின்றால் செய்தி வாசிப்பவரும் பாதிச் சொல்லில் நின்றுவிடுவார். மெதுவாகச் சுற்றினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வேகமாகச் சுற்றினால் அயலுக்கே கேட்கும்.

விளக்கு வைத்ததும் முன்விறாந்தையில் கூட்டம் கூடிவிடும். பெரியப்பா சாய்மனைக் கதிரையில், அப்பா வாங்குப் பலகையில், அயலிலிருந்து வந்த ஆண்கள் நாலைந்து பேர் படியில். சைக்கிள் இவர்களுக்குப் பின்னால், சுவரோரம். சுற்றுவது அம்மா. அந்த வேலையை அம்மாவுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. முதல் நாள் அப்பாதான் சுற்றினார். இரண்டாம் நாள் செய்தியின் நடுவில் யாரோ அப்பாவிடம் ஏதோ கேட்டார்கள், பதில் சொல்ல அவர் எழும்பினார், அம்மா ஒரு நிமிடம் பெடலைப் பிடித்தார். அந்த ஒரு நிமிடம் இரண்டு வருடமாக நீண்டது.

சில்லுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இரைச்சல்தான் கேட்கும், செய்தி கேட்காது. எல்லோரும் போன பிறகு அம்மா வயரைச் சுருட்டியபடி, "என்னவாம் சொன்னவை?" என்று அப்பாவிடம் கேட்பார். "ஒண்டும் புதிசில்லை" என்பார் அப்பா. அப்பாவும் கெட்டவர் அல்ல. ஒரு மணித்தியாலம் விவாதித்ததைத் திரும்பச் சொல்ல அவருக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு உலகத்துப் பெண்களின் முன்னேற்றத்தில் பெரிய அக்கறை. எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு பெண் நீதிபதியானாள், விமானம் ஓட்டினாள் என்று செய்தி வந்தால் கதிரைக் கையில் தட்டிச் சந்தோஷப்படுவார். "பொம்பிளையள் முன்னுக்கு வரவேணும். அப்பதான் எங்கடை சமுதாயம் உருப்படும்" என்பார். படியில் இருந்தவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு கழுத்தைத் திருப்பாமலே, "பிள்ளை, கொஞ்சம் கெதியாச் சுத்து, குரல் இறங்குது" என்பார். அம்மா "ஓம்" என்று வேகத்தைக் கூட்டுவார். இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறது என்று அந்த விறாந்தையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பெரியப்பாவின் காலடியில் இருந்து நானும் கதிரைக் கையில் தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையில் தபால்காரர் ஒரு கடிதத்தை என் கையில் தந்தார். கொழும்பிலிருந்து அம்மாவின் பெயருக்கு வந்த கடிதம். அம்மாவுக்குக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. வருகிற ஒன்றிரண்டும் அப்பாவின் பெயருக்கும் பெரியப்பாவின் பெயருக்கும்தான் வரும். அம்மா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். ஒருமுறை வாசித்தார், மடித்தார், திரும்பப் பிரித்து வாசித்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நான் எழுதினதை நாளைக்கு ரேடியோவிலை வாசிக்கப்போகினம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதன்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும், அதில்தானாம். அம்மா எப்போது எழுதினார், எதில் எழுதினார் என்று கேட்டேன். சோறு கொதிக்கும்வரை குசினியில் இருந்து, என்னுடைய பழைய கொப்பியின் பின்பக்கங்களில் எழுதியிருக்கிறார். தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் போனபோது கொடுத்தனுப்பி மூன்று மாதமாம். சொந்தப் பெயரில் வராது, வேறு ஒரு பெயர் போட்டிருக்கிறாராம்.

"என்னத்தைப் பற்றி எழுதினீங்கள்?"

"நாளைக்குக் கேக்கேக்கை விளங்கும்."

"பெரியப்பாவுக்குச் சொல்லட்டோ?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அப்பாவுக்கும்தான். நாங்கள் இருக்கிறது பெரியப்பாவின்ரை வீட்டிலை. நீ எனக்கு ஒரு உதவி செய்யவேணும். நாளைக்கு நீ சுத்து. ஒருநாளைக்கு நான் இருந்து கேக்கவேணும்."

அம்மா என்னிடம் அதுவரை கேட்டதெல்லாம் தண்ணீர் அள்ளு, விறகு பொறுக்கு, கோழியைக் கலை என்ற மாதிரிதான். தனக்கென்று ஒன்று கேட்டது அதுதான் முதல்முறை. நான் பெரிய மனுசி மாதிரி "ஓம்" என்றேன்.

புதன்கிழமை அம்மா நெய்த சதி சாதாரணமானதல்ல. பெரியப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கும் வழக்கம் உண்டு. ஆனாலும் அன்று அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்து, வேண்டாம் வேண்டாம் என்னும் வரைக்கும் சோறு போட்டார். அப்பாவுக்குப் பெரியப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டும் வேலை. சைக்கிளில் போக வெளிக்கிட்டவரை, "கிட்டத்தானே, நடந்து போங்கோவன்" என்று அனுப்பிவிட்டார். பெரியப்பாவின் அறையில் குறட்டை கேட்கத் தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் குசினிக்குப் போனோம். குசினி வீட்டிலிருந்து ஒரு முற்றம் தள்ளித் தனியாக இருந்தது. அம்மா ரேடியோவை அம்மிக்குப் பக்கத்தில் வைத்து வயரைக் கொளுவினார். பிறகு திரும்பிப் போய் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதிரையை எடுத்து வந்து ரேடியோவுக்கு முன்னால் போட்டுவிட்டு அதில் இருந்தார்.

ரேடியோவுக்கு முன்னால் அம்மா கதிரையில் இருப்பதை நான் அன்றுதான் கண்டேன். முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, வேறு சேலை உடுத்தியிருந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்தார், பிறகு கதிரைக் கைகளில் வைத்தார், திரும்பவும் மடியில் வைத்தார்.

"மெள்ளச் சுத்து. சத்தம் குசினிக்கு வெளியிலை போகப்படாது."

நான் மெள்ளச் சுற்றினேன். முதலில் ஒரு பாட்டு. பிறகு சமையல் குறிப்பு. கேக் அடிப்பது எப்படி என்று ஒரு பெண் சொன்னார். அரை இறாத்தல் பட்டர், ஆறு முட்டை, வனிலா என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா அடுப்பில் கிடந்த வெறும் சட்டியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சீனியைக் கண்ணால் கண்டே எத்தனையோ வாரம். நானும் சிரித்தேன். அம்மாவும் நானும் கூட்டாளிகள் மாதிரி இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

சமையல் முடிந்தது. "அடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதி அனுப்பியது" என்றது ரேடியோ. அம்மாவின் உடம்பு ஒருமுறை நிமிர்ந்தது. கதிரை நுனிக்கு வந்து காதை ரேடியோவுக்குக் கிட்டக் கொண்டுபோனார். குரல் மெலிவாகத்தான் வந்தது. அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை, பாவம் என்று நினைத்தேன். ரேடியோவிலே அம்மா வரும்போது இப்படியா முனகிக்கொண்டு வருவது? பெடலை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என் உயிரைக் கொடுத்துச் சுற்றினேன்.

ரேடியோ அலறியது. வாசித்த பெண்ணின் குரல் குசினிக் கூரையில் அடித்துக்கொண்டு வெளியே போயிற்று. அம்மா திரும்பி மெள்ள, மெள்ள என்று கையைக் காட்டினார். இன்னும் கெதியாக என்று நான் விளங்கிக்கொண்டேன்.

செய்தி நேரம் அல்லாத நேரத்தில் எந்த வீட்டில் ரேடியோ கேட்டாலும் ஊர் ஓடிவரும் காலம் அது. எங்கேயோ குண்டு விழுந்திருக்கவேண்டும், அல்லது சாமான் கப்பல் வந்திருக்கவேண்டும் என்றுதான் நினைப்பார்கள். பெரியப்பா இடுப்பில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்தார். அவருக்குப் பின்னால் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்காரர்.

"என்ன, என்ன செய்தி? எங்கை அடிச்சவங்களாம்?"

அம்மா எப்போது எழும்பினார் என்று நான் காணவில்லை. பார்த்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார், கதிரையில் பெரியப்பா இருந்தார்.

"ஒண்டுமில்லை. பிள்ளை விளையாட்டுக்குச் சுத்தினவள்" என்றார் அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டா? ஆனால் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவள் நான், அதனால் வாயைத் திறக்கவில்லை.

"இது என்ன பொம்பிளையளின்ரை புறோகிராம்" என்று பெரியப்பா கேலியில்லாமல், தேடியது வேறு என்ற அளவில் சொல்லிவிட்டு அலைவரிசை ஊசியைத் திருப்பினார். இரைச்சல், ஒரு வேற்றுமொழிப் பாட்டு, திரும்ப இரைச்சல். "பொறுங்கோ, இப்ப எங்கையாவது செய்தி இருக்கும். சுத்து பிள்ளை, விடாதை" என்றார். நான் சுற்றினேன். சுற்று என்று அம்மாவும் சொன்னார், பெரியப்பாவும் சொன்னார். நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. கையை எடுத்திருந்தால் ரேடியோ செத்திருக்கும், இரண்டு பேரும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது எத்தனையோ வருடங்கள் கழித்து, வேறு ஒரு நாட்டில், பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது.

கொஞ்ச நேரத்தில் என் கை சோர்ந்தது. குரல் கிணற்றுக்குள் இறங்கியது. "ஒழுங்காச் சுத்து" என்றார் பெரியப்பா. அம்மா வந்து என் தோளைத் தொட்டார்.

"விடு, உனக்குக் கை நோகும். நான் சுத்துறன்."

நான் பெரிய நிம்மதியோடு பெடலைக் கொடுத்தேன்.

"ஆ, இப்பதான் வடிவாக் கேக்குது" என்றார் பெரியப்பா. செய்தி அகப்பட்டுவிட்டது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், மழை வருமாம். எங்கேயோ ஒரு மந்திரி எங்கேயோ ஒரு பாலத்தைத் திறந்துவைத்தார். ஊசி முதலில் நின்ற, இரண்டு விரல்கடை தள்ளியிருந்த இடத்தில் யாரோ ஒரு பெண் அம்மாவின் வசனங்களை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா தாழமுக்கத்துக்காகச் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கவில்லை. பழகிய கை.

அவர்கள் போன பிறகு அம்மா ஊசியைத் திருப்பி வைத்து இன்னொருமுறை சுற்றிப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்து சினிமாப் பாட்டுப் போனது. வயரைக் கழற்றிச் சுருட்டினார்.

"நான் கெதியாத்தானே சுத்தினனான், அம்மா?"

"ஓம். நல்லாச் சுத்தினாய்."

அந்தப் பதிலுக்குப் பதிலாக ஒரு அடி போட்டிருக்கலாம்.

ஐந்தாறு கிழமை கழித்துக் கொடிகாமத்திலிருந்து அம்மாவின் பள்ளிக்கூடச் சிநேகிதி வந்தார். சைக்கிள் கரியரில் அரைப் பலாப்பழம் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதித்து வந்த பெண். வாய் ஓயாத மனுசி, எனக்கு அன்ரி. குசினியில் இருந்து அம்மா பலாப்பழத்தைப் பிளக்க, அன்ரி ஊர்க் கதை எல்லாம் சொன்னார். நடுவிலே, "எடியே, ரேடியோவிலை ஒருத்தி எழுதினதை வாசிச்சவை, கேட்டனியே?" என்றார். அவர்களின் அயல்வீட்டில் ட்ரக்டர் பற்றரி வைத்து ரேடியோ கேட்பார்களாம், புதன்கிழமையில் பெண்கள் எல்லோரும் அங்கேதானாம்.

கத்தி நின்றது. "இல்லை" என்றார் அம்மா. "என்னவாம்?"

அன்ரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். தணித்த குரலும் எனக்கு நன்றாகவே கேட்டது. "குண்டுபோடப் பொம்பர் வந்து சுத்துதாம். வீட்டுக்காரர் எல்லாரும் பங்கருக்குள்ளை. இவள் மட்டும் மேல்படியிலை, தலை வெளியிலை. உள்ளுக்குப் போகேலாது. சாமிப்படம் வைச்சிருக்காம், இவளுக்கு அந்த நாள், துடக்கு. ஒருத்தரும் வராதை எண்டு சொல்லேல்லையாம். வா எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையாம். சாமிக்குத் துடக்கு, குண்டுக்குத் துடக்கில்லை எண்டு எழுதியிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் அழுதிட்டம்."

"முழுக்க வாசிச்சவையோ?"

"வாசிச்சவை, வாசிச்சவை."

"கடைசியிலை மகளுக்கு ஒரு வசனம் இருக்குமே, அதை வாசிச்சவையோ?"

"மகளுக்கோ? ஓ, பிள்ளைக்கு ஏதோ சொன்னவள்தான்" என்று அன்ரி நெற்றியைத் தடவினார். "அந்த நேரம் பாத்து எங்கடை ஆடு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டுது. நான் அதுக்குப் பின்னாலை எழும்பிப் போட்டன்."

அந்த ஒரு வசனத்தைப் பிறகு நான் அம்மாவிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். மறந்துபோச்சு என்பார். படி எதுவும் வைத்திருக்கவில்லை, கொப்பித்தாள் அப்படியே கொழும்புக்குப் போய்விட்டது. எனக்கென்று எழுதப்பட்டு, எனக்கு முன்னாலேயே வாசிக்கப்பட்டிருக்கவேண்டிய வசனம் அது. என் கைதான் அதைக் குழப்பியது.

ஆனால் அன்று குசினியில் இருந்த பிள்ளைக்கு இவை ஒன்றும் தெரியாது. இது அம்மா எழுதியதாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அன்ரி சொன்னது ஒரு பாவப்பட்ட பெண்ணின் கதை. எங்கள் அம்மா பாவப்பட்டவர் அல்ல. அதனால் இது வேறு யாரோ எழுதியது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டு வளவில் பெரியப்பா தன் கையாலேயே வெட்டிய பதுங்குகுழி இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு, உள்ளே பிள்ளையார் படமும் வைத்திருந்தார். விமானம் வரும்போது அம்மாவும் எங்களோடு உள்ளே வருவார், சில நாட்களில் மட்டும் மேல்படியில் இருப்பார். எங்களுக்குக் காவலாகத்தான் அங்கே இருக்கிறார், விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் என்று நான் நம்பியிருந்தேன். வகுப்பில் எத்தனையோ பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லிப் புழுகியிருக்கிறேன். ரேடியோவில் வந்த அந்தப் பயந்த பெண்ணைவிட எங்கள் அம்மா எவ்வளவோ திறம் என்று அன்ரிக்குத் தெரியவேண்டாமா?

"எங்கடை அம்மாவும் சில நாளிலை மேல்படியிலைதான் இருப்பா, அன்ரி" என்றேன். "ஆனா அவ காவலுக்கு. எங்கடை அம்மாவுக்கு ஒரு பயமும் இல்லை."

அன்ரி அம்மாவைப் பார்த்தார். பலாப்பால் ஒட்டியிருந்த அம்மாவின் கையை அப்படியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போய் அன்ரிக்குக் குடிக்கத் தண்ணி அள்ளிக்கொண்டு வா" என்றார் அம்மா.

நான் துள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அம்மாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு. செம்போடு திரும்பி வந்தபோது அன்ரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அம்மா கொட்டை எடுத்த ஒரு சுளையை என் வாயில் வைத்து, என் தலையைத் தடவிவிட்டார்.

"ஓம், குஞ்சு. அம்மாவுக்குப் பயமில்லை" என்றார்.

நான் நம்பினேன்.